இரட்டை எண்ணுக்கு ஒரு பக்கம்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலுக்குள் நுழைந்தபோது முதலில் கண்டது, பதினொரு பேர் ஒரே தாளின் மேல் குனிந்திருந்ததை.

இரண்டு வருடம் பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவிட்டுப் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை பார்த்தவன் நான். திரும்பி வந்தபோது என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள். சிறப்புக் கணித வகுப்பில் பன்னிரண்டாவது ஆளாக மூன்று மாதம் தனியே இருந்தேன். கன்ரீனில் எனக்கு எதிரே இருக்கும் கதிரையை மரியாதையாகக் கேட்டு எடுத்துப்போவார்கள். மாணவர்கள் தங்களுக்குள் கூடிப் படிப்பதைக் குப்பி என்பார்கள். அன்றுதான் முதன்முறையாக என்னையும் குப்பிக்கு அழைத்திருந்தார்கள்.

விரிவுரையாளர் எழுதிவரச் சொன்ன ஒப்படை இதுதான்: ஓர் எண்ணின் வர்க்கம் இரட்டையானால் அந்த எண்ணும் இரட்டையே என்பதை, குறியீடு எதுவுமின்றி, ஆங்கில வசனங்களில் ஒரு பக்கத்துக்குள் நிறுவ வேண்டும். கணிதத்துக்கு அங்கே யாரும் பயப்படவில்லை. பள்ளியில் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்களுக்கு ஆங்கில வசனம்தான் பயம். அதனால் ஆங்கிலம் நன்றாக எழுதும் அளவெட்டிப் பிள்ளை ஒருத்தி ஒரு பக்கம் எழுதுவாள். மற்றவர்கள் சொற்களை மாற்றிப் பிரதி எடுப்பார்கள்.

அவள் எழுதிவைத்திருந்த பக்கத்தை வாசித்தேன். ஆங்கிலத்தில் பிழையே இல்லை. ஆனால் எண் இரட்டை என்று தொடங்கி, வர்க்கம் இரட்டை என்று முடித்திருந்தாள். கேட்டது மறுபக்கம்.

"தங்கச்சி, இது தலைகீழாய்க் கிடக்கு," என்றேன். "மழை பெஞ்சால் றோட்டு நனையும். றோட்டு நனைஞ்சு கிடந்தால் மழைதானெண்டு சொல்லேலுமோ? தண்ணி பவுசர் லொறி ஒழுகிக்கொண்டு போயிருக்கும்."

"அண்ணை பேப்பரிலை வானிலைப் பக்கமோ பாத்தவர்?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ரெண்டும் ஒண்டுதானே, விடுங்கோ," என்றாள் அவள். "நாளைக்குக் குடுக்கோணும். பிளேன்ரீ குடிக்கிறியளோ?"

"ஓம்," என்றேன். அதற்குமேல் கதைக்கவில்லை. பன்னிரண்டு கோப்பைகள் வந்தன.

அறைக்குத் திரும்பி என் பக்கத்தை எழுதினேன். எண் ஒற்றையானால் வர்க்கமும் ஒற்றை. ஆகவே வர்க்கம் இரட்டையானால் எண் ஒற்றையாக இருக்க முடியாது. ஆறு வசனங்கள் போதுமாக இருந்தன. அதைப் படம் பிடித்து வட்சப் குழுவுக்கு அனுப்பப் போனேன். மறுபடியும் சிரிப்பார்கள், அடுத்த குப்பிக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்து அனுப்பாமல் விட்டேன்.

அடுத்த வாரம் விரிவுரையாளர் தாள்களைத் திருப்பித் தந்தார். பதினொன்றுக்குப் பூச்சியம். பன்னிரண்டாவதை உரத்து வாசித்தார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அண்ணை, உங்களுக்கு அண்டைக்கே வடிவாத் தெரியும்தானே?"

"ஓம். சொன்னனான்."

"ஒருக்காச் சொன்னியள். பிறகு ரீயைக் குடிச்சிட்டுப் போய், உங்கடையை மட்டும் சரியா எழுதினியள்."

அவள் மற்றவர்களோடு சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனாள்.

திருத்தி எழுத விரிவுரையாளர் ஒரு வாரம் கொடுத்தார். பதினொரு தாள்களும் வியாழக்கிழமையே அவர் மேசைக்குப் போய்விட்டன. அந்தக் குப்பி எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியாது.