அத்தானின் ஆயிரத்து நானூறு பச்சை

அக்கா வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைத் தாங்க, அத்தான் வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் கணினியே கதியென்று கிடந்தார். தேதிகளைக் கணக்கிடும் இலவச நிரல் தொகுப்பொன்றை வேறொரு கணினி மொழியில் மாற்றி எழுதினார். அதைச் சரிபார்க்கும் ஆயிரத்து நானூறு சோதனைகளும் தேறிவிட்டதாகப் பச்சை காட்டின.

இன்று காலை, இனி எதற்கென்று பழைய தொகுப்பை அழித்தார். அத்தனையும் சிவப்பாகிவிட்டன. இத்தனை நாளும் சோதனைகள் பழையதைத்தான் ஓட்டிப் பார்த்திருக்கின்றன. எவனோ வாங்கிய மார்க்கைப் பார்த்து இவர் பல்லிளித்திருக்கிறார்.

மதியம் வந்த அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க எழுதினதை ஓட்டிப் பார்க்க எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

"சோதனை எதை ஓட்டணும்னு சொல்ற ஒரு வரியை மாத்தணும். மாத்திட்டேன்."

"அப்புறம் என்ன? ஓட்டுங்க."

"காலையிலேர்ந்து பொத்தான் மேலதான் விரலை வச்சிருக்கேன். அழுத்தக் கை வரமாட்டேங்குது."