பச்சைப் பூசணம்

ஊர் அவளுக்கு வைத்த பெயர் பூசணக்காரி. கணவன் இறந்ததும் அவனுடைய அண்ணன் பாகம் பிரித்து, வாய்க்கால் ஓரத்துத் துண்டு நிலத்தை அவள் தலையில் கட்டினார். அங்கே தக்காளிச் செடி எதுவும் காய்க்கும்வரை தாக்குப்பிடித்ததில்லை. வாடல் நோய் வேரில் பிடித்து, நின்ற இடத்திலேயே கருக்கிவிடும். அது போதாதென்று நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"இந்தத் தடவை விளைய வச்சுட்டா நிலம் உன்னோடது. கருகிட்டா என்கிட்டயே விட்டுடு. நீ தனியாக் கஷ்டப்படறதை என்னால பார்க்க முடியலம்மா."

அவருக்கு இரக்கம் எப்போதும் அடுத்தவர் நிலத்தின் பக்கமாகத்தான் வரும்.

அவளுக்கும் மகளுக்கும் சோறு போட அந்தத் துண்டை விட்டால் வேறு கதியில்லை. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு, பயிருக்கு நல்லது செய்யும் பூஞ்சைப் பொடியை வாங்கி வந்தாள். மக்கிய சாணத்தோடு அதைப் பிசைந்து, படுக்கும் அறையின் மூலையிலேயே குவித்து, ஈரச்சாக்கு போட்டு மூடினாள். குவியல்மேல் பச்சையாகப் பூசணம் படர்ந்தது.

"ஊசிப்போனதை எல்லாரும் தூக்கி எறிவாங்க. இவ போர்த்திவிட்டுத் தூங்க வைக்கிறா" என்று அண்ணன் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

குழிக்கு ஒரு கைப்பிடி போட்டு நாற்று நட்டாள். செடிகள் கிடுகிடுவென்று கிளம்பின. பக்கத்து வயல்களில் வாடல் விழுந்தபோதும் அவளுடையவை நிமிர்ந்து நின்று பூத்தன. பார்க்க வந்த அண்ணன் வரப்பில் உட்கார்ந்து, குழைந்து குழைந்து கேட்டார்.

"எப்படிம்மா செஞ்சே?"

கணவன் போனதிலிருந்து யாரும் அவளிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. பாவி, உச்சி குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இது வேரைச் சுத்திக் காவல் நிக்கும் மாமா. நோய்ப் பூஞ்சையைத் தின்னுடும். செடிக்கும் தெம்பு வந்து, நோய் வந்தா அதுவே எதிர்த்து நிக்கும்."

"இதுக்கு ஆகாதது எதுவும் உண்டா?"

"பூஞ்சைக்கொல்லி மருந்துதான். அது நல்லது கெட்டது பார்க்காது."

மறுநாள் பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலும், அவள் வயலுக்குப் பாயும் தண்ணீரில் அவர் அந்த மருந்தைக் கலந்தார். "தம்பி சம்சாரம் பாவம், நாமதானே பார்த்துக்கணும்" என்றார். ஊர் மெச்சியது. அவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மருந்து ஊற்றியவரைத் திட்டுகிறாளே, நன்றி கெட்டவள் என்று அவளைத்தான் ஏசினார்கள்.

மருந்து கெட்டதையும் கொன்றது. ஆனால் கெட்டதுதான் முதலில் திரும்பி வந்தது. காவலில்லாத வேர்களில் அது இஷ்டம்போல் புகுந்தது. பிஞ்சோடு செடிகள் தலை தொங்கின. நிலம் கைமாறியது.

அடுத்த பருவத்தில் அங்கே அவர் நட்டதும் கருகியது. வெட்கமே இல்லாமல் அவளைக் கூலிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"விளைஞ்சா உனக்கு நிரந்தர வேலை" என்றார்.

மகளின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துக்கொண்டு போனாள். அவர் கொட்டகையில் அதே மருந்து டப்பா பாதி மிச்சத்தோடு இருந்தது. எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். நானாயிருந்தால் பிசையப்போகும் சாணத்தில் கவிழ்த்திருப்பேன். அவள் வைத்துவிட்டு, சாணத்தைப் பிசையத் தொடங்கினாள். பக்கத்தில் முக்காலி போட்டு அண்ணன் மனைவி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை, கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தக்காளி கூடை கூடையாக விளைந்தது. கடைசிக் கூடையை வண்டியில் ஏற்றியதும் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா எல்லாத்தையும் கத்துக்கிட்டா. நாளையிலேர்ந்து நீ வந்து சிரமப்பட வேண்டாம்மா."

அவள் கொட்டகை மூலையில் மிச்சமிருந்த குவியலைக் காட்டினாள்.

"அதுல ஒரு பிடி எடுத்துக்கட்டுமா மாமா?"

"எடுத்துக்கோயேன்" என்றார் அவர். பிறகு உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "ஆனா அதை எங்கே போடுவே?"