படர்தாமரைக்கு வந்த கேள்விகள்

யுத்த காலத்தில் எனக்குக் கட்டுமாவடியில் ஆசிரியை வேலை கிடைத்தது. விதவையான பிறகு பயிற்சி முடித்து வாங்கிய முதல் வேலை. ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தேன். முதல் மழைக்காலத்திலேயே இடுப்பில் படர்தாமரை வந்துவிட்டது. வட்டம் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, வகுப்பில் நிற்கவிடாமல் அரித்தது. சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினேன்; அடங்கும், திரும்ப வரும். கழுத்துக்கு ஏறியதும் வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டார். மறுநாள் முதல் என் சேலைக்குத் தனிக் கொடி. அவருடைய குழந்தை என்னிடம் வருவதும் நின்றது. குறை சொல்ல மாட்டேன், ஒட்டுகிற நோய்தான்.

கோடை விடுமுறையில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயுவில் ஓடிய கரி பஸ் ஏறித் திருக்கோகர்ணம் போனேன். கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே ஹோமியோபதி பார்த்தார். கழுத்தில் இருந்த படையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து கேட்க ஆரம்பித்தார். உப்பு அதிகம் வேண்டுமா, வெயில் ஒத்துக்கொள்ளுமா, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவேன் என்றெல்லாம் கேட்டார்.

"அழுகை வந்தா, யாராச்சும் ஆறுதல் சொல்றது பிடிக்குங்களா, பிடிக்காதுங்களா?"

"தெரியலைங்க. யாரும் சொன்னதில்லை."

எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

சர்க்கரை உருண்டைகள் கொடுத்து, காபியை விடச் சொன்னார். மாதம் ஒரு கடிதம் போடச் சொன்னார். அவர் பதில்களில் புதுப்புதுக் கேள்விகள் வரும்: கனவில் என்ன வருகிறது, இடி இடித்தால் பயமா. நான் மூன்று பக்கம், நான்கு பக்கம் எழுதினேன். படை மட்டும் குறையவில்லை. முதலில் அதிகமாகித்தான் அடங்கும் என்று எழுதினார். நாலாவது மாதம் தாங்க முடியாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். களிம்பு கொடுத்து, துணிகளை வேகவைத்து வெயிலில் உலர்த்தச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் தோல் சுத்தமாயிற்று. வீட்டுக்கார அம்மாளிடம் காட்டினேன். நல்லது என்றார். ஆனால் குழந்தையை அனுப்பவில்லை.

திருக்கோகர்ணத்துக்கு எழுதுவதை நான் நிறுத்தவில்லை. இன்னும் அரிக்கிறது என்று மூன்று கடிதங்களில் பொய் எழுதினேன். நாலாவதற்கு உட்கார்ந்தபோது வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு ஒரு கார்டு போட்டேன்.

பத்து நாளில் பதில் கார்டு வந்தது. குணமானதில் சந்தோஷம், எந்த மருந்தில் ஆனால் என்ன, இனி உருண்டைகள் வேண்டியதில்லை என்று மூன்று வரி. கேள்வி ஏதும் இருக்கிறதா என்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் என் விலாசம்தான் இருந்தது.

அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனேன். படை திரும்ப வரவேயில்லை. அவருக்குச் சொல்லலாமா என்று ஓரிரு முறை நினைத்தேன், எழுதவில்லை.