துறையூருக்கு வராத கடல்

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மற்ற சிப்பாய்கள் சிரித்துக்கொண்டே ஓடின ஓட்டத்தைச் சொல்வார்கள், வேகாத சப்பாத்தியைச் சொல்வார்கள். நாகராஜ் எழுந்து போய்விடுவான். எட்டு வருடமாகியும் அவனுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

அவன் நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவுக்காரன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். தீவில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது அத்தி பூத்தாற்போல. அதனால் அங்கத்துப் பையன்கள் மெயின்லாண்டில் இருக்கும் சொந்தக்காரர் ரேஷன் கார்டில் பேரை ஏற்றி, அந்த ஊர்க்காரர்களாகவே ஆள் எடுக்கும் வரிசையில் நிற்பார்கள். நாகராஜும் துறையூர் சித்தப்பா வீட்டு முகவரியில்தான் சேர்ந்தான். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

பயிற்சியில் இருந்தபோது வந்த சுனாமிக்கு மறுநாள் காலை, கேன்டீன் டிவியில் நிக்கோபார் என்று கேட்டதும் ஹவில்தார் முன்னால் போய் நின்றான். பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"லீவு வேணும் உஸ்தாத். வீட்டுல என்ன ஆச்சுன்னு தெரியல."

ஹவில்தார் பதிவேட்டைப் புரட்டினார். "துறையூரு. ஏன்டா, துறையூருக்கு எப்ப கடல் வந்துச்சு?"

பயிற்சிக்கு நின்ற வரிசையே சிரித்தது.

"இல்ல உஸ்தாத், அப்பா அம்மா அங்க..."

"அங்கன்னா எங்க? அப்போ இதுல இருக்கிறது பொய்யா?"

பொய் என்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று அப்பா தம்பையா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நாகராஜ் வாயை மூடிக்கொண்டான். ஊர் சுற்ற லீவு கேட்டான் என்று, முதுகில் மூட்டையோடு மைதானத்தை இருபது சுற்று ஓடவிட்டார்கள். ஓடும்போது அம்மாவின் முகம்கூட வரவில்லை. ஹவில்தாரின் பல்தான் கண்ணுக்குள் நின்றது.

பதினோராம் நாள் போர்ட் பிளேர் நிவாரண முகாமிலிருந்து அப்பா போனில் கிடைத்தார். மீன் வாங்க ஜெட்டிக்குப் போன அம்மா பேச்சியம்மா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"எல்லாம் கதம்ப்பா. நீ வந்து என்னத்தப் பண்ணப் போற? வேலையக் கெடுத்துக்காத."

எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்ட அந்தக் 'கதம்' என்ற இந்தி வார்த்தையின் மேலும் அவனுக்குக் கோபம்.

பயிற்சி முடிந்த அணிவகுப்பில் சிப்பாயின் பெற்றோருக்கு நெஞ்சில் ஒரு பதக்கம் குத்தி மரியாதை செய்வார்கள். முகாமில் கொடுத்த தொளதொளச் சட்டையோடு, கப்பலிலும் ரயிலிலும் நாலு நாள் பயணம் செய்து தம்பையா வந்திருந்தார். ஹவில்தார் அவர் கையைக் குலுக்கினார்.

"நல்ல புள்ளையப் பெத்திருக்கீங்கய்யா. அம்மா வரலியா?"

இனி வேலையை விட்டுத் துரத்தினாலும் துரத்தட்டும் என்றிருந்தது நாகராஜுக்கு. "டிசம்பர்ல செத்துட்டாங்க உஸ்தாத். கச்சால்ல, கடல் வந்து. உங்ககிட்டதான் லீவு கேட்டேன்."

ஹவில்தார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?"

நாகராஜின் விரல்கள் மடங்கின. தம்பையா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "விடுய்யா. அவரா கடலக் கூட்டிட்டு வந்தாரு?"

கையை உதறிக்கொண்டு, உஸ்தாத்திடம் அனுமதி கேட்காமல் நடந்தான். பயிற்சி முடிந்ததும் கொடுக்கும் லீவு முடிந்து திரும்பியபோது அதற்கு ஏழு நாள் தண்டனை காத்திருந்தது. முகவரி விஷயத்தை மட்டும் ஹவில்தார் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவும் நாகராஜ் அவரை மன்னிக்கவில்லை.