முறத்து வண்டியின் தும்பிக்கை

கனடாவில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வீட்டு வாசலில் இடுப்பளவு பனி. முன்னால் இரும்புத் தகடு மாட்டிய ஒரு சின்ன வண்டி அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. 'மாமா, இந்த மாதிரி வண்டியெல்லாம் நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க' என்று கீழே எழுதியிருந்தான். பார்ப்பதாவது, அதன் வயிற்றுக்குள்ளேயே கை விட்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை நாலு வந்தது. குன்னூர்க்காரன் ஒருவன் பனி தள்ளும் வண்டியை ரிப்பேர் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? நீங்களாவது நம்புங்கள்.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட் ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். முதலாளியின் மகன் ஏதோ துறைமுகத்தில் பழைய இயந்திரங்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்தார். இலை உலர்த்த நல்ல மோட்டார் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். லாரியிலிருந்து இறங்கியது இந்த மஞ்சள் வண்டி. எங்கள் மலையிலும் பனி உண்டுதான். ஜனவரியில் புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல உறைந்து கிடக்கும். ஆனால் அதைத் தள்ள இந்த வண்டியை எடுத்தால், வண்டி ஸ்டார்ட் ஆவதற்குள் பனி கரைந்துவிடும்.

முன்னால் இருந்த தகடு முறம் போல வளைந்திருந்ததால் இலை எடுக்கும் பெண்கள் அதற்கு முறத்து வண்டி என்று பெயர் வைத்தார்கள். பனிக்கு உதவாத வண்டி மழைக்கு உதவியது. ஐப்பசி பிறந்தால் எந்த மேடு எப்போது ரோட்டுக்கு இறங்கி வரும் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்ல முடியாது. அப்படி இறங்கிய மண்ணை பஷீர் பாய் இந்த வண்டியால் பள்ளத்தில் தள்ளிவிடுவார். பாய் அதற்கு முன் டிராக்டர் ஓட்டியவர். எந்த வண்டியையும் மாட்டை அதட்டுவது போல அதட்டித்தான் ஓட்டுவார்.

தகட்டைத் தூக்கி இறக்க ஒரு மின்சாரத் தண்டு உண்டு. உருளைக்குள் சின்ன மோட்டார். ஒரு பட்டனை அமுக்கினால் உள்ளிருந்து கம்பி நீளும், இன்னொன்றை அமுக்கினால் உள்ளே போகும். கூட வந்த புத்தகத்தில் அதற்கு ஆக்சுவேட்டர் என்று போட்டிருந்தது. பாய் ஒரே நாளில் அதைத் தும்பிக்கை ஆக்கிவிட்டார். வெள்ளைப் பனிக்காகச் செய்த தும்பிக்கை எங்கள் செம்மண் சேற்றை எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது மழைக்காலத்தில், பாதி தூக்கிவிட்டு யோசிக்க ஆரம்பித்தது. உள்ளே இருந்த நைலான் பல்சக்கரம் தேய்ந்துகொண்டே வந்தது. நான் கிரீஸ் வைத்து வைத்து நாளைக் கடத்தினேன்.

அந்த கிரீஸ் வாசனையை நினைத்தால் கூடவே டிஞ்சர் வாசனையும் வருகிறது. எனக்கு அந்தக் காலத்தில் தலைவலி அதிகம். வாரம் இரண்டு முறையாவது வரும், அதுவும் சரியாக எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கூட்டமில்லாத நேரம் பார்த்து வரும். அங்கே நர்ஸ் ஸ்டெல்லா. ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் எங்கள் டீமேக்கரின் மகள். மாத்திரை தருவாள், வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பேன், 'மழ வருமுங்களா சிஸ்டர்' என்று கேட்பேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். மனசுக்குள் வைத்திருக்கிற பெண்ணை சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட வேண்டிய கொடுமை வேறு எந்த வேலைக்காரனுக்கும் வரக்கூடாது. இந்த மாத்திரைக் கதை என் மனைவிக்கும் தெரியும். எனக்கு உண்மையாகவே தலை வலிக்கிற நாளில்கூட அவள் நம்புவதில்லை.

அந்த வருடம் ஒரு வியாழக்கிழமை காலை எஸ்டேட் ரோட்டின் இரண்டாம் வளைவில் மண் சரிந்து ஆளுயரத்துக்குக் கிடந்தது. எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு ரோடுதான். கோயமுத்தூர் போகும் மலைப்பாதையில், பர்லியார் பக்கம் பெரிய சரிவு, ஜேசிபி எல்லாம் அங்கே போய்விட்டது. பஷீர் பாய் முறத்து வண்டியை இறக்கினார். மூன்றாவது தள்ளலில் தும்பிக்கை 'விர்ர்' என்று கத்தியது, கம்பி அசையவில்லை. பிரித்துப் பார்த்தேன். பல்சக்கரத்தில் பல்லே இல்லை.

கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே டீமேக்கர். குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டு நிற்கிறார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம ஸ்டெல்லாவைப் பாக்க கோயமுத்தூருல இருந்து மாப்ள ஊட்டுக்காரங்க வர்றாங்க. கோத்தகிரி வழியா சுத்தி வர்றமுன்னு சொல்லீட்டாங்க. இந்த ரோடுதான் இப்பிடிக் கெடக்குது. உன்னயத்தான் நம்பியிருக்கறேன்."

'சரிங்க' என்றேன். வேறு என்ன சொல்வது? நான் அந்தப் பெண்ணிடம் மழையைத் தவிர எதையும் பேசியதில்லை. அன்று சாயந்தரம் முழுக்க யோசித்தேன். ரோடு மூடியே கிடந்தால் அவர்கள் வர மாட்டார்கள், இன்னொரு நாள் வருவார்கள், அதற்குள் நான் வாயைத் திறக்கலாம். இதை யோசித்துக்கொண்டே என் கை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? செத்துப்போன தும்பிக்கையின் நீளத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தது. கெட்டுப்போன சாமானைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. பிறவிக் கோளாறு.

அளந்த நீளம் எங்கோ பார்த்த நீளமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மோட்டார் வைத்த கட்டில் ஒன்று உண்டு. யாரோ வெளிநாட்டுக்காரர் தானமாகக் கொடுத்தது. பட்டனை அமுக்கினால் தலைப்பக்கம் எழும்பும். அதன் அடியிலும் இதே மாதிரி ஒரு தண்டு! ஓடினேன். அந்தக் கட்டிலில், தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் ஃபீல்டு ரைட்டர் கந்தசாமி படுத்திருந்தார். தேயிலைச் சரிவில் வழுக்கி முதுகு பிடித்துக்கொண்டவர். வலி போய் ஒரு வாரம் ஆகியும் பட்டனின் மேல் ஆசை போகாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பியும் இறங்கியும் கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். ரைட்டர் கட்டிலை எழும்பிய நிலையிலேயே நிறுத்தினார்.

"ஏனுங்க, எங்கட்டில்ல கை வெக்கறதுன்னா ஒண்ணு சொல்லிப்போட்டனுங்க. தல ஒசந்தே இருக்கோணும். சன்னல் வழியா ரோடு தெரியோணும். யாரு போறாங்க, யாரு வர்றாங்கன்னு தெரியாம நானு எப்பிடிப் படுத்துக் கெடக்கறது?"

டீப்பெட்டிப் பலகை வைத்து முட்டுக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தேன். ஸ்டெல்லா மருந்து அலமாரிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டரக் கேக்காம எப்பிடீங்க கழட்டறது?" என்றாள்.

"ரோடு தெறந்தாத்தானுங்க சிஸ்டர் டாக்டரே வர முடியும்."

"மாட்டி ஓடலீன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"ஓடுமுங்க சிஸ்டர். நான் பொறுப்பு."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியறது கஷ்டந்தானுங்களே?"

"இல்லீங்க, சனிக்கெழமயே மாட்டீருவனுங்க."

அவள் என்னையே பார்த்தாள். என் தொழில் திறமையில் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன். ரோஷம் வந்துவிட்டது. ஒரு காகிதம் வாங்கி, பல்சக்கரம் எப்படிச் சுற்றுகிறது, அந்தச் சுற்றல் எப்படிக் கம்பியைத் தள்ளுகிறது என்று படம் போட்டுக் கால் மணி நேரம் விளக்கினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "உங்களுக்கு இன்னைக்குத் தலவலி இல்லீங்களா?" என்றாள். "இல்லீங்க, வேல இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன். புத்திசாலி!

சனிக்கிழமை ஃபேக்டரி லேத்தில் புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்து, ஓட்டையைச் சரிசெய்து, தண்டை வண்டியில் மாட்டினேன். கட்டில் மோட்டாருக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும், வண்டி பேட்டரியோ பன்னிரண்டு. அதனால் பாதி வேகம்தான் வந்தது. இருந்தாலும் தூக்கியது. மண்ணோடு அந்தத் தகடு எழும்புவதைப் பார்க்க வேண்டுமே. நோயாளியின் தலையை நோகாமல் உயர்த்துகிற அதே பக்குவம், அதே மரியாதை. பஷீர் பாய் அதட்டுவதையே விட்டுவிட்டார்.

"என்ன தம்பி, மண்ணுக்கும் முதுகு வலியா?" என்றார்.

போதாததற்கு நான் ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தேன். தூக்கும் பட்டனை அமுக்கினால் இறங்கும், இறக்கும் பட்டனை அமுக்கினால் எழும்பும். சரிசெய்து தருகிறேன் என்றால் பாய் விடவில்லை, பழகிவிட்டதாம். அப்படியே தள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு கார் போகிற அளவுக்கு வழி தெரிந்தது. பத்தரைக்குக் கார் வந்தது.

வண்டியை ஓரம் கட்டத் தகட்டைத் தூக்க வேண்டும். தகடு தன் பக்குவத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளை இறங்கி வந்தார். ரயில்வேயில் வேலை. சேற்றில் ஊறிய என் கையைத் தயங்காமல் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க. உங்களாலதான் வர முடிஞ்சுதுங்க."

கெட்டவனாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல மனிதர். வளைவில் கார் திணறியபோது நானே முன்னால் நின்று 'ரைட்ல ஒடிங்க, வாங்க வாங்க, வரலாம்' என்று கை காட்டி அவர்களை மேலே ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரி ஜன்னலில் ரைட்டர் முழு விவரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதம் குன்னூர் சர்ச்சில் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்தில் கரண்ட் போனால் போடுவதற்கு ஜெனரேட்டர் பக்கத்தில் நான் நின்றேன். கரண்ட் போகவே இல்லை.

போன வருடம் டீமேக்கர் காலமானார். அவருக்கான ஜெபம் முடிந்த அன்று குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கல்லூரியில் படிக்கிற மகள் வர்க்கி பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லா ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

"ஆஸ்பத்திரி இருக்குதுங்களா?"

"எஸ்டேட்டையே வித்துட்டாங்க. ஆஸ்பத்திரி ரிசார்ட் ஆயிருச்சு. ரைட்டர் படுத்திருந்த ரூம்ல யோகா சொல்லித் தர்றாங்க."

"ரைட்டருங்க?"

"போயிட்டாருங்க. பஷீர் பாயும் போயிட்டாரு."

"முறத்து வண்டி?"

"பழைய இரும்புக்குப் போயிருச்சுங்க."

"அந்த மோட்டாரு?"

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது கடைசி வரைக்கும் ஓடுச்சுங்க சிஸ்டர். ஒரு நாள்கூட நிக்கல."

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, மகள் வருகிறாளா என்று கடைப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க ஒரே ஒரு நட்டைத் தொலச்சிருந்தாப் போதுமுங்க."

மகள் வந்துவிட்டாள். கோயமுத்தூர் பஸ்ஸும் வந்துவிட்டது. நான்தான் பையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

அந்த எஸ்டேட்டில் இருந்த காலமெல்லாம் நான் கழற்றிய எதிலும் ஒரு நட்டுகூடத் தொலைந்ததில்லை. அதைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது யாரிடமும் சொல்வதில்லை.