"நல்லாப் பாருங்க ஆத்தா"

ஒரே ஒரு வார்த்தை சொல்லி, குற்றமற்ற ஒருவரை நான் சிறைக்கு அனுப்பினேன். காரணம் பொறாமை.

மலர்விழியும் நானும் ஒரே நாளில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர்கள். அவள் இன்ஸ்பெக்டரானாள். நான் அவளை 'மேடம்' என்கிறேன்... ஒவ்வொரு முறையும் தொண்டையில் முள்!

பணியில் இருந்தபடியே அவள் ஆராய்ச்சி செய்தாள். சாட்சிக்குப் புகைப்படங்களைக் காட்டும் காவலர், தம்மை அறியாமலே குரலாலும் பார்வையாலும் சந்தேக நபரைச் சுட்டிவிடுகிறார் என்று கண்டாள். ஆகவே சந்தேக நபர் யாரென்றே அறியாத ஒருவர்தான் படங்களைக் காட்ட வேண்டும் என்றாள். மாவட்டத்தில் சோதித்துப் பார்க்க உத்தரவாயிற்று. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வயிறு எரிய எரிய.

பிறகு கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டில் ஒரு மூதாட்டியின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். கீரமங்கலத்து டிராக்டர் ஓட்டுநர் கருப்பையா மேல் எனக்குச் சந்தேகம். படம் காட்டக் கீரனூர் நிலையத்திலிருந்து, வழக்கை அறியாத ஒருவரை வரவழைத்திருக்க வேண்டும். மலர்விழி சொல்லியா நான் வேலை கற்க வேண்டும்? நானே காட்டினேன்.

மூதாட்டியின் விரல் கருப்பையாவின் படத்தைத் தாண்டிப் போனது.

"நல்லாப் பாருங்க ஆத்தா" என்றேன்.

விரல் திரும்பி வந்தது. "இவன் மாதிரிதாங்க இருக்கு... ஆமாங்க, இவனேதான்!"

சில மாதங்கள் கழித்து உண்மைத் திருடன் சங்கிலியோடு சிக்கினான். கருப்பையா வெளியே வந்தபோது, துபாய் செல்ல அவருக்கு வந்திருந்த விசா காலாவதியாகியிருந்தது.

மேலதிகாரி கேட்டார்: "மேடம் சொன்னபடி வேற ஆளை வச்சுத்தானே படம் காட்டுனீங்க?"

"ஆமாங்கய்யா."

எவ்வளவு எளிதாக வந்தது! யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுடைய முறைதான் தவறு என்று முடிவாகி, அன்றே கைவிடப்பட்டது. இன்றும் எந்தெந்த நிலையத்தில் யார் யார் என்னைப் போலப் படம் காட்டுகிறார்களோ...

அவள் என்னிடம் வந்தாள். "தப்பு எங்கன்னு எனக்கு வெளங்கலங்க மாணிக்கம். கருப்பையாகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன். கூட வாரீங்களா?"

போனேன். அவளுடைய புது முறையால்தான் கணவர் சிறை போனார் என்று நம்பிய கருப்பையாவின் மனைவி, அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். "படிச்ச திமிரு! எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" அவள் கைகூப்பி நின்றாள். நான் பக்கத்தில் வாய்மூடி நின்றேன்.

நான் சொல்ல வந்தது இதுதான், கேளுங்கள்... அவள் தலை குனிந்ததைக் கண்டு எனக்கு இனித்தது! இன்றும் நினைத்தால் முதலில் வருவது அந்த இனிப்பு. வெட்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.