மேகத்துக்குள் வேலைக்குப் போகிறவளின் ஸ்வெட்டர்

கால் முறியும் வரை நூலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன். சின்னமனூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. பதினாறு வருடமாக, நூலை முறுக்கும் கதிர்கள் சுழலும் கூடத்தில்தான் என் பாதி ஆயுள் போனது. சத்தத்தை வைத்தே எந்தக் கதிர் சரியில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் விரலால் ஒரு முழம் நூல்கூடத் திரித்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது பைக்குக்குக் குறுக்கே நாய் வந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீடு கம்பத்தில் ஊர்க்கடைசி. ஜன்னலைத் திறந்தால் திராட்சைப் பந்தல், அதைத் தாண்டி வயல், அதைத் தாண்டி மலை. மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றில் என் மனைவிக்கு வேலை. விடிந்தும் விடியாமலும் தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு பெண்களோடு ஏறிப் போனால், சாயங்காலம்தான் திரும்பி வருவாள். நான் பெரும்பாலும் இரவு ஷிப்ட். நான் வரும்போது அவள் போயிருப்பாள். அவள் வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன்.

படுத்தபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். காலை எட்டு மணிக்கெல்லாம் மேகம் இறங்கி மலையின் மேல்பாதியை மூடிவிடும். கீழே எனக்கு நல்ல வெயில். அந்த வெள்ளைக்குள் எங்கோ என் மனைவி குனிந்து காய் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாள் முழுக்க அதையே பார்த்துக் கிடந்தேன். சில சமயம் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

அன்று மாலை அவள் வந்ததும் கேட்டேன். "மேல ரொம்பக் குளுருமா?"

"இத்தன வருசத்துல இப்பத்தேன் கேக்குறீக," என்றாள். "குளுராம? கைவிரல மடக்க முடியாது."

ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். ஏனோ நானே நூற்றுப் பின்ன வேண்டும் என்று தோன்றியது. சும்மா கிடந்தவனின் ஆசைதான். முதலில் கம்பளிதான் நினைத்தேன். தெருவில் ஆட்டுமந்தை ஓட்டிப்போனவரை ஜன்னலுக்கு அழைத்து, ஆட்டுமுடி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் ஒரு ஆட்டைப் பிடித்து என் கைக்கு எட்டும்படி நிறுத்தினார்.

"தடவிப் பாருங்க. இது நாய்முடி மாதிரி. கம்பளி ஆடெல்லாம் இங்கன கெடையாது," என்று சிரித்துவிட்டுப் போனார்.

பஞ்சுதான் என்று ஆனது. கடமலைக்குண்டில் இருக்கும் என் மைத்துனர், வீட்டில் எடுத்து வைத்திருந்த பருத்தியில் ஒரு சாக்கு கொண்டுவந்து போட்டார். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. தலையணைக்கு என்று நினைத்திருப்பார்.

மூங்கில் குச்சியில் பழைய சி.டி. ஒன்றைக் கோத்துக் கதிர் செய்தேன். அதன் நுனியைக் கொட்டாங்குச்சியில் ஊன்றிச் சுழற்ற வேண்டும். முதல் வாரம் முழுக்க நூல் அறுந்தது. முறுக்கு என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் செய்ததை விரல் மெதுவாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பஞ்சு பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவேன். வேர்த்து வழிந்துகொண்டு நான் குளிருக்கான துணிக்கு நூல் நூற்றேன்.

சாயங்காலங்களில் அவளும் வந்து உட்காருவாள். இருவருக்கும் நடுவே ஒரு முறம் பருத்தி. விதையை நான் ஒரு பக்கம் எடுக்க, அவள் ஒரு பக்கம் எடுப்பாள். கை வேலையில் இருந்ததால் பேச்சு தானாக வந்தது.

"மேகம் எறங்கிட்டா பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது. அத அங்கன மஞ்சுன்னு சொல்லுவாக. ஒருத்தர ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டேதேன் காய் எடுப்போம்."

"பயமா இருக்காதா?"

"பயமெல்லாம் இல்ல. நல்லாத்தேன் இருக்கும். நம்ம கையே நமக்குத் தெரியாது. காய் மட்டும் வெரல்ல படும்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் எங்கே போய் வருகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. பருத்தியைப் பிரித்துக்கொண்டே இருந்தேன்.

பின்னல் கற்றது போனில். ஏதோ பனி பெய்யும் ஊரில் ஒரு பெண் பின்னிக் காட்டினாள். அவள் பேசியது என்ன மொழி என்று இன்றுவரை தெரியாது, கைதான் தெரிந்தது. இரண்டு குச்சிகளை உப்புத்தாளால் தேய்த்து ஊசியாக்கினேன். அளவுக்கு, கட்டிலருகே கொடியில் கிடந்த மனைவியின் பழைய ஜாக்கெட் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவைத்தேன். அவள் அதை இரண்டு நாள் வீடெல்லாம் தேடினாள்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு கையும் முடிந்தபோது காலில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மிச்சக் கையை, வேலைக்குத் திரும்பிய பிறகு மில்லில் டீ நேரத்தில் பின்னினேன்.

"ஏலே, லாரி லாரியா நூலு போகுது. நீ ரெண்டு குச்சிய வச்சு ஆட்டிக்கிட்டு இருக்க!" என்றான் என் கூட்டாளி. மில்லில் நூலைச் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் விளையாட்டாக என் நூலில் ஒரு துண்டை வாங்கிச் சோதித்துவிட்டு வந்து, "முறுக்கு ஒரு எடத்துலகூட ஒண்ணுபோல இல்லண்ணே. இது நம்ம கணக்குல நூலே கெடையாது," என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. தடித்த இடமெல்லாம் நான் மலையைப் பார்த்துக்கொண்டு விரலை மறந்த இடங்கள்.

ஐப்பசியில் முடித்துக் கொடுத்தேன். முதல் நாள் அவள் அதைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவளைப் பார்த்ததும் எல்லாம் வடிந்துவிட்டது. பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கனத்துத் தொங்கி, முழங்கால் வரை இறங்கியிருந்தது. கைகள் விரலைத் தாண்டி ஆடின.

"கழட்டிக் குடு. பிரிச்சுச் சின்னதாப் பின்னித் தாரேன்," என்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணும் வேணாம். ஜீப்புல எல்லாரும் சிரிச்சாகதேன். ஆனா குளுருல பாவாடைக்கும் சேத்து மூடுதே," என்றவள், நீண்ட கையை இரண்டாக மடித்துவிட்டுக்கொண்டாள். "யாரு பின்னுனதுன்னு கேட்டாக. எங்க வீட்டுக்காருன்னேன். ஒருத்தியும் நம்பல."

மத்தியானம் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் அறையின் சூட்டில் அதைக் காயப்போட்டிருக்கிறாள்; அப்புறம் மறுபடியும் மஞ்சில் நனைந்திருக்கிறது. ஆனால் ஏலக்காய் வாசனை நூலில் ஏறிவிட்டது. துவைத்தும் போகவில்லை. கோடையில் அதை மடித்து பீரோவில் வைக்கிறோம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனையோடு, நான் இன்னும் ஏறிப் பார்க்காத அந்த மலை எங்கள் வீட்டுக்குள் வருகிறது.